ஒரே கடினம், இரண்டு உருக்கு

சனிக்கிழமை பிற்பகலில் மில்லிங் இயந்திரத்திலிருந்து இறக்கித் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போன உருக்குக் கட்டியின் பக்கவாட்டில், திங்கட்கிழமை காலையில் ஒரு கையின் நான்கு விரல்கள் தவிட்டு நிறத்தில் பதிந்திருந்தன. கைரேகையை எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவாக இருந்தது. கட்டியைத் தூக்கி வைத்த தம்பியின் முகம் வாடிவிட்டது. “அண்ணா, இது கறையில் உருக்கு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எண்டு சொல்லித்தானே கொழும்பில இருந்து எடுத்தனீங்கள்? இது எப்பிடிக் கறள் பிடிக்கும்?” என்று கேட்டான். வேலை அவசரத்தில் அன்று பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதி வைக்கிறேன். வார்ப்பு அச்சு வேலையில் இறங்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் இது வேண்டியிருக்கும். நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு முழு அச்சை இழக்க வேண்டியிருந்தது.

எங்கள் பட்டறை திருகோணமலையில், சீனக்குடாப் பக்கம், கடல் நீரேரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. பீ.வீ.சீ. குழாய்களுக்கான எல்போ, சொக்கட், டீ போன்ற இணைப்புகளை வார்க்கும் அச்சுகளைச் செய்கிறோம், பழுதும் பார்க்கிறோம். கச்சான் அடிக்கும் மாதங்களில் தரைப்பக்கமிருந்து வரும் காற்று உலர்ந்திருப்பதால் இரும்புக்கு ஓரளவு ஓய்வு கிடைக்கும். வாடை திரும்பியதும் கடலின் ஈரமும் உப்பும் கதவிடுக்கு வழியாகவே உள்ளே வந்துவிடும். பிரித்தானியர் சீனக்குடாவில் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகளில், கவனிப்பாரற்றுக் கிடந்தவற்றின் தகடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காற்றைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. வெளியே உப்பு இப்படி இருக்க, அச்சின் உள்ளேயிருந்து வரும் எதிரி வேறு. பீ.வீ.சீ.யின் எடையில் பாதிக்கும் மேல் குளோரின்தான். உருகிய பிளாஸ்டிக் அளவுக்கு மேல் சூடேறினாலோ வார்ப்பு இயந்திரத்தின் சூடான உருளைக்குள் நெடுநேரம் தங்கினாலோ அது சிதைந்து ஐதரசன் குளோரைட்டு வாயுவை வெளியிடும். அந்த வாயு ஈரத்தைச் சந்தித்த இடத்தில் ஐதரோகுளோரிக் அமிலமாகிவிடும். இவ்வகை வேலைக்குச் சாதாரண அச்சு உருக்கைப் போட்டால் சில மாதங்களிலேயே பளபளப்பு மங்கி, அச்சின் இரு பாதிகளும் சேரும் முகத்தில் குழிகள் விழத் தொடங்கும். அதனால்தான் இதற்கென்று ஓர் உருக்கு வகை இருக்கிறது.

ஜேர்மன் எண்முறையில் 1.2083 என்றும், அமெரிக்க முறையில் 420 வகையின் திருத்திய வடிவம் என்றும் அதைச் சொல்வார்கள். சுவீடனிலிருந்து வரும் ஸ்டாவாக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாத அச்சுக்காரர் குறைவு. அதில் காபன் ஏறக்குறைய 0.38 வீதம், குரோமியம் 13.6 வீதம், சிறிதளவு சிலிக்கன், மங்கனீசு, வனேடியம் ஆகியவை இருக்கின்றன. விற்பனைக்கு வரும்போது மென்மையாக்கிய நிலையில், 190 அல்லது 200 பிரினெல் கடினத்தோடு வரும். அந்த நிலையில் அது கத்திக்கு இணங்கி, வெட்டுவதற்கு இலகுவாக இருக்கும். தம்பியின் விரல்கள் பதிந்த கட்டி அந்த நிலையில்தான் இருந்தது.

கறள் பிடிக்காமைக்குக் குரோமியமே காரணம் என்று பாடசாலையிலேயே படித்திருக்கிறோம். ஆனால் இரும்புக்குள் கரைந்திருக்கும் குரோமியம் மட்டுமே அந்த வேலையைச் செய்யும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அப்படிக் கரைந்திருக்கும் குரோமியம் மேற்பரப்பில் ஒட்சிசனோடு சேர்ந்து, சில நனோமீற்றர் தடிப்பே உள்ள ஒரு படலத்தை உண்டாக்குகிறது. கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும் அந்தப் படலம் நிலைத்து நிற்க, ஏறக்குறைய 10.5 வீதம் குரோமியமாவது கரைசலில் இருக்க வேண்டும். மென்மையாக்கிய உருக்கில் காபன் சும்மா இருப்பதில்லை. அது குரோமியத்தை இழுத்துச் சேர்த்துக்கொண்டு காபைட்டுத் துணிக்கைகளாகத் திரண்டு கிடக்கும். ஒரு பங்கு காபன் தன் எடையைப் போலப் பத்து மடங்கு அளவிலான குரோமியத்தை இப்படிக் கட்டிவைக்க வல்லது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.38 வீதக் காபன் ஏறக்குறைய 3.8 வீதக் குரோமியத்தைப் பூட்டி வைத்துவிடுகிறது, 13.6 இல் மிஞ்சுவது 10 வீதத்துக்கும் குறைவு. கட்டியில் குரோமியம் போதியளவு இருந்தும் அது பூட்டிய பெட்டிக்குள் இருப்பதால், விரல் வியர்வையின் உப்பே இரண்டு நாளில் கறளை எழுப்பிவிடுகிறது. ஆகவே வெட்டி முடித்த துண்டுகளை வெப்பப் பரிகரிப்புக்கு அனுப்பும்வரை எண்ணெய் பூசி வைக்க வேண்டும். கறையில் உருக்கு என்ற பெயரை நம்பி வெறுமனே விடக்கூடாது.

பெட்டியைத் திறக்கும் சாவி உலையில் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம், ஏனெனில் வெப்பப் பரிகரிப்பை நாங்கள் கடினம் ஏற்றும் வேலையாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். இவ்வுருக்கில் கறள் எதிர்ப்பை உண்டாக்குவதும் அழிப்பதும் அதே உலைதான்.

முரட்டு வெட்டு முடிந்தவுடன் துண்டை 650 பாகை செல்சியஸுக்கு ஏற்றி, உள்வரை சூடேறிய பிறகு 2 மணித்தியாலம் வைத்து, 500 பாகைவரை உலைக்குள்ளேயே மெதுவாக ஆறவிட்டு, பின்னர் வெளியே எடுப்பது நல்லது. வெட்டும்போது உள்ளே தேங்கிய இழுவிசை இதனால் தளரும். இந்தப் படியை விட்டவர்களின் அச்சுத் தட்டுகள்தான் பின்னால் வளைந்து வருகின்றன. இறுதி அளவுக்கு மேலாக ஒவ்வொரு பக்க அளவிலும் குறைந்தது 0.15 வீதம் விட்டுவைக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. 200 மில்லிமீற்றர் நீளத்துக்கு அது 0.3 மில்லிமீற்றர். நான் இன்னும் கொஞ்சம் கூட்டியே விடுகிறேன்.

வன்மையாக்கும்போது நேரடியாக உச்ச வெப்பத்துக்குப் போகக்கூடாது. குரோமியம் மிகுந்த உருக்கு வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். அவசரப்பட்டால் ஓரம் சூடாகி நடு குளிர்ந்திருக்க, அச்சு முறுகும். 600 முதல் 850 பாகைவரையான இடைவெளியில் ஒன்று இரண்டு படிகளில் நிறுத்தி ஏற்றி, 1020 அல்லது 1030 பாகையில் ஏறக்குறைய 30 நிமிடம் வைக்க வேண்டும். காபைட்டுகள் கரைந்து குரோமியம் விடுதலையாவது இங்கேதான். வெப்பம் குறைந்தால் காபைட்டுகள் கரையாமலே நிற்கும், கடினமும் வராது, கறள் எதிர்ப்பும் வராது. 1050 பாகையைத் தாண்டினால் உருக்கின் நுண்மணிகள் பருத்து, உச்ச வெப்பத்தில் உருக்கு எடுக்கும் ஓஸ்டனைட் என்ற அமைப்பு மாறாமலே உள்ளே மிகுந்து, பின்னொரு நாள் அளவு நகரும். மேற்பரப்பின் காபன் எரிந்து போகாமல் காப்பதும் கட்டாயம் என்பதால் இன்று பெரும்பாலும் வெற்றிட உலையிலேயே இந்த வேலை நடக்கிறது.

அடுத்தது குளிர்விப்பு. பழைய கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொன்னது இதைத்தான், எண்ணெய்க்குப் பதிலாக இங்கே அழுத்தமேற்றிய நைதரசன் வாயு. எவ்வளவு வேகமாக ஆறுகிறதோ அவ்வளவு குரோமியம் கரைசலிலேயே சிக்கி நிற்கும்; தடித்த கட்டியை மெதுவாக ஆறவிட்டால், வழியிலேயே மணிகளின் எல்லைகளில் காபைட்டு மறுபடியும் படிந்து, கறளுக்கும் வெடிப்புக்கும் பாதை போட்டுக் கொடுக்கும். ஆனால் வேகத்துக்கும் விலை உண்டு, கூரிய உள்மூலைகள் உள்ள அச்சு வெடிக்கலாம். அதனால்தான் வரைபடத்திலேயே மூலைகளுக்கு வளைவு கொடுக்கச் சொல்லி நான் அடம்பிடிப்பேன். துண்டு 50 முதல் 70 பாகைக்கு இறங்கியதும், முற்றாகக் குளிர விடாமல் உடனே டெம்பர் பண்ண வேண்டும், அதாவது மிதமான வெப்பத்தில் மறுபடியும் சூடாக்கி விறைப்பைத் தளர்த்த வேண்டும்.

என் அச்சு பழுதான இடம் இந்த டெம்பர் கட்டம்தான்.

டெம்பரை 250 பாகையில் இருமுறை, ஒவ்வொரு முறையும் குறைந்தது 2 மணித்தியாலம் செய்தால், ரொக்வெல் சி என்ற கடின அளவில் ஏறக்குறைய 52 கிடைக்கும். அந்த வெப்பத்தில் காபன் சற்றே அசைந்து விறைப்பைத் தளர்த்தும். குரோமியம் பெரிய அணு என்பதால் இருந்த இடத்தை விட்டு நகராது. அதே உருக்கை 500 பாகையை ஒட்டி டெம்பர் பண்ணினாலும் ஏறக்குறைய அதே 52 கிடைக்கிறது. இடையில் சற்றுத் தணிந்த கடினம், அந்த வெப்பத்தில் மிக நுண்ணிய காபைட்டுகள் பிறப்பதால் மீண்டும் எழும்புகிறது. அந்த நுண்ணிய காபைட்டுகள் குரோமியத்தால் ஆனவை. கரைசலில் நின்ற குரோமியத்தை அவை சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சி எடுத்து, தம்மைச் சூழக் குரோமியம் வற்றிய ஒரு வளையத்தை விட்டுவைக்கும். கறள் அந்த வளையத்தில் கால் வைக்கும். உருக்கின் தாங்குதிறனும் அந்த வெப்ப எல்லையில் குறைகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எல்போ அச்சொன்றுக்கான நான்கு கோர்களை, அதாவது வார்ப்பின் உட்புறத்தை உருவாக்கும் உள்ளச்சுகளை, வெளியிடத்துக்கு வெப்பப் பரிகரிப்புக்கு அனுப்பினேன். இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. திரும்பி வந்தவை அழகாக இருந்தன. கடினமானியில் வைத்துப் பார்த்தேன்; 52, 52, 51, 52. மனநிறைவோடு பளபளப்பேற்றி, பொருத்தி, ஓட்டத் தொடங்கினோம். ஆறாவது வாரத்தில் வார்ப்புகளின் உட்புறத்தில் ஊசி முனையளவு மேடுகள் தெரிந்தன. கோரைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தபோது, பிளாஸ்டிக் உள்ளே நுழையும் வாயருகே தவிட்டு நிறப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக இருந்தன. ஒவ்வொரு புள்ளியையும் மரக்குச்சியால் சுரண்டியபோது அடியில் ஒரு குழி இருந்தது. உருக்கே போலி என்று முதலில் சந்தேகப்பட்டு, விற்றவரோடு கடுமையாகப் பேசியும் விட்டேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன், அவர் கொடுத்த உருக்கு சரியானதே. உலைப் பதிவை வாங்கிப் பார்த்தபோதுதான் விடயம் வெளிப்பட்டது. அலுமினியம் வார்க்கும் அச்சுக்கான வேறொரு உருக்கோடு, ஒரே உலையில், ஒரே சுமையாக என் கோர்களையும் 510 பாகையில் டெம்பர் பண்ணியிருந்தார்கள். அந்த உருக்குக்கு 500 பாகைக்கு மேற்பட்ட டெம்பர்தான் முறை. என் கட்டளைத்தாளில் “கடினம் 52” என்று மட்டும் எழுதியிருந்தேன். அவர்கள் 52 தந்தார்கள். கடினமானிக்கு இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாது.

உயர் வெப்ப டெம்பருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய கட்டியில், வன்மையாக்கிய பிறகு கம்பி மின்பொறியால், அதாவது மெல்லிய கம்பியிலிருந்து மின்பொறி பாய்ச்சி, நீளமாக வெட்ட வேண்டியிருந்தால், உள்விசை குறைவாக இருப்பது வெடிப்பைத் தடுக்கும். அந்த இடத்தில் 500 பாகையை வேண்டுமென்றே தெரிவு செய்வார்கள். அது கறள் எதிர்ப்பை விலையாகக் கொடுத்து வாங்கும் நன்மை. பீ.வீ.சீ. அச்சுக்கு அந்த விலை கட்டாது.

வெப்பப் பரிகரிப்புக்கும் கறள் எதிர்ப்புக்கும் இடையிலான இந்த உறவு புதிதாகக் கண்டறியப்பட்ட ஒன்றல்ல. 1913 இல் செபீல்ட் நகரத்தில் ஹரி பிரியர்லி துப்பாக்கிக் குழல்களின் தேய்மானத்துக்கு மருந்து தேடி வார்த்த உருக்கில் குரோமியம் 12.8 வீதமும் காபன் 0.24 வீதமும் இருந்தன. இன்றைய எங்கள் அச்சு உருக்குக்கு அது மூத்த அண்ணன் முறை. நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்காக அமிலத்தால் அரிக்க முயன்றபோது, வன்மையாக்கிய துண்டு அமிலத்துக்கு அசையாமல் நிற்பதை அவர் கண்டார். கத்தி செய்பவர்களிடம் அந்த உருக்கு போனபோதும் வன்மையாக்கி மெருகேற்றிய நிலையிலேயே அதன் குணம் முழுமையாகத் தெரிந்தது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற நாட்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. மின்சாரம் போனால் உருளைக்குள் நிற்கும் பீ.வீ.சீ.யை வெளியே தள்ள முடியாது. சூடு தங்கியிருக்க அது உள்ளேயே கருகும். வெளிவந்த அமில வாயு சிதைவை மேலும் விரைவுபடுத்தும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி வந்த பிறகு எந்த உருக்கையும் நம்ப முடியாது. அப்போது பழகிய ஒழுங்கை இன்றும் விடவில்லை. நிறுத்துவதற்குக் கால் மணித்தியாலம் முன்னரே பொலிஎதிலீனை விட்டு உருளையைக் கழுவிவிடுவோம். குளிர்நீரை முதலில் மூடி, அச்சு, அறை வெப்பத்துக்கு வரும்வரை சில வார்ப்புகளை ஓட்டுவோம். பின்னர் துடைத்து, கறள் தடுப்பு எண்ணெய் தெளித்துத்தான் அச்சை மூடுவோம். வாடைக்காலத்தில் இங்கே காற்றின் பனிபடுநிலை, அதாவது ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 23, 24 பாகையளவில் நிற்கும்போது, 15 பாகை நீர் ஓடும் அச்சைத் திறந்து வைத்தால் கண்ணெதிரிலேயே வியர்க்கும். பீ.வீ.சீ.யின் வாயு தங்கிய முகத்தில் அந்த வியர்வை அமிலத் துளியே.

நீர் ஓடும் துளைகளின் உட்புறத்தையும் மறக்கக்கூடாது. சாதாரண உருக்கில் அங்கே கறள் அடுக்கடுக்காகப் படிந்து வெப்பத்தை மறித்து, வார்ப்பு நேரத்தை நாளுக்கு நாள் நீட்டிக்கொண்டே போகும். கரையோரக் கிணறுகளின் உவர்நீரை விடுகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். கறையில் உருக்கு சாதாரண அச்சு உருக்கின் ஏறக்குறைய பாதியளவே வெப்பத்தைக் கடத்துகிறது என்பது உண்மைதான். துளைகளைச் சற்று நெருக்கமாகவும் முகத்துக்கு அருகாகவும் போட்டு அதை ஈடுசெய்ய வேண்டும். ஆனால் அதன் கடத்துதிறன் முதல் நாளில் இருந்தபடியே மூன்றாம் ஆண்டிலும் இருக்கும். அதேவேளை, 13 வீதக் குரோமியம் கடல்நீரைத் தாங்கும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். குளோரைட்டு மிகுந்த நீரை அதற்குள் தேங்கவிட்டால் சரியாக டெம்பர் பண்ணிய உருக்கிலும் குழி விழும்.

கூடிய எதிர்ப்பு வேண்டுமானால் வேறு வகைகளும் உண்டு. 1.2316 இல் குரோமியம் 16 வீதம், அதோடு சிறிது மொலிப்டினம். ஏறக்குறைய 300 பிரினெல் கடினத்தில் முன்கூட்டியே பரிகரித்து வருவதால் வெட்டிய கையோடு பொருத்திவிடலாம், ஆயினும் ரொக்வெல் 52 இன் தேய்வெதிர்ப்பை அதனிடம் கேட்க முடியாது. கோரக்ஸ் என்ற வகையின் வழி முற்றிலும் வேறு. அதில் காபன் 0.03 வீதம் மட்டுமே, குரோமியம் 12, நிக்கல் 9.2, அலுமினியம் 1.6, மொலிப்டினம் 1.4 வீதம். பூட்டுவதற்குக் காபன் இல்லாததால் குரோமியம் எப்போதும் வெளியிலேயே இருக்கிறது. ரொக்வெல் 34 அளவில் வரும் கட்டியை வெட்டி முடித்து, 525 பாகையில் 4 மணித்தியாலம் வைத்தால் 50 வரை ஏறும்; எல்லாத் திசையிலும் ஒரே சீராக, மிகச் சிறிதளவே சுருங்கும். விலைதான் எங்களைப் போன்ற சிறு பட்டறைகளைத் தடுத்து நிறுத்துகிறது.

பரிகரிப்பு முடிந்த பின் செய்யும் வேலைகளும் அதைக் கெடுக்கலாம். மின்பொறியால் வெட்டிய முகத்தில் உருகி உறைந்த ஒரு நொறுங்கும் தோல் இருக்கும். அதைக் கல்லால் முழுவதும் எடுத்துவிட்டு, முந்திய டெம்பருக்கு 25 பாகை குறைத்து, அதாவது 225 இல், மறுபடியும் ஒருமுறை டெம்பர் பண்ண வேண்டும். நைதரசன் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. காபன் செய்யும் அதே வேலையை அங்கே நைதரசன் செய்யும், குரோமியத்தைக் கட்டிப்போட்டு முகத்தைக் கறளுக்குத் திறந்துவிடும். மெருகு விடயத்தில் மட்டும் இவ்வுருக்கு கைவிடாது. கசடு குறையும்படி மீண்டும் உருக்கி வார்த்த தரமாக இருந்தால், வைரப் பசையால் கண்ணாடி போல ஏற்றலாம். மெருகு கூடக் கூட உப்பு ஒளிந்துகொள்ளப் பள்ளம் குறையும்.

இப்போது என் கட்டளைத்தாளில் கடினத்தோடு டெம்பர் வெப்பமும் எழுதப்படுகிறது. உலையின் வெப்பப் பதிவில்லாமல் துண்டைப் பொறுப்பேற்பதில்லை. அதோடு, ஒவ்வொரு சுமையிலும் அதே கட்டியிலிருந்து அறுத்த, தீப்பெட்டியளவு சிறு துண்டொன்றையும் கம்பியால் கோத்து அனுப்புகிறேன். திரும்பி வந்ததும் அதன் ஒரு முகத்தை 600 இலக்கத் தாளில் தேய்த்து, உட்துறைமுகத்தில் அள்ளிய கடல்நீரில் நனைத்த துணியை அதன்மேல் போர்த்தி, ஓர் இரவு விடுவோம். பழைய அச்சின் கோர் ஒன்றிலிருந்து அறுத்த துண்டும் பக்கத்தில் கிடக்கும். சென்ற வாரம் துணியை எடுத்துப் பார்த்தது அதே தம்பிதான். 510 பாகையில் டெம்பரான துண்டு துணியையே தவிட்டு நிறமாக்கியிருந்தது. 250 இல் டெம்பரானதில் ஓரத்தில் ஒரேயொரு புள்ளி. இரண்டையும் கழுவித் துடைத்து, கடினமானியில் தானே வைத்துப் பார்த்து, இரண்டின் பக்கத்திலும் 52 என்று குறிப்பேட்டில் எழுதினான்.